ஒரே பல்லை இரண்டு முறை செய்தால் லாபம் ஏது?

பள்ளிகளில் தொழில் வழிகாட்டி நாள் என்று அழைப்பார்கள். போய் நின்றதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அக்கா, நீங்க பல் டாக்டரா?" இல்லை. பல் டாக்டர் வாயைப் பார்ப்பவர். வாய்க்குள் வைக்கிற பல்லைச் செய்கிறவள் நான். இரண்டும் வேறு வேலை, வேறு படிப்பு.

"டாக்டர்கிட்ட பல் கட்டினேன்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் டாக்டர் அச்செடுத்து, எந்தப் பல், என்ன நிறம், எந்தப் பொருள் என்று ஒரு தாளில் எழுதி, பையில் போட்டு அனுப்பிவிடுவார். அந்தப் பை வந்து சேரும் இடத்துக்கு டென்டல் லேப் என்று பெயர். ஆய்வகம் என்று மொழிபெயர்த்தால் பொருந்தவில்லை. இங்கே நாங்கள் எதையும் ஆய்வு செய்வதில்லை. தட்டான் பட்டறை, குயவர் சூளை, கணினி அறை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கும். எனவே நான் பல் பட்டறை என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

என் பட்டறை சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. என்னோடு சேர்த்து ஐந்து பேர். பீடோங், கூலிம், பாலிங், சில சமயம் அலோர் ஸ்டார் வரை உள்ள கிளினிக்குகளின் வேலை எங்களுக்கு வருகிறது. பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் நான். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அதில் தவறில்லை, நல்ல சம்பளம். ஆனால் சொந்தத் தொழில் என்று கனவு காண்கிற பிள்ளைகளிடம் உணவுக்கடை, துணிக்கடை, கைப்பேசிக் கடை தவிர வேறு பெயரே வருவதில்லை. அதனால்தான் என் தொழிலின் வரவு செலவைக் கொஞ்சம் திறந்து காட்டலாம் என்று நினைத்தேன்.

மெழுகு, சூளை, கணினி

அச்சு வந்ததும் கிருமி நீக்குவோம். அதில் ஜிப்சம் மாவைக் குழைத்து ஊற்றினால், யாரோ ஒருவருடைய வாய் கல்லாக எங்கள் மேசைக்கு வந்துவிடும். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவியில் பொருத்துவோம். அது தாடையைப் போலவே திறந்து மூடும். நாங்கள் செய்யும் பல் எதிர்ப்பல்லில் எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்று அதில்தான் தெரியும்.

உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய பல்லுக்கு முதலில் மெழுகில் உருவம் செய்யவேண்டும். அந்த மெழுகைச் சூடு தாங்கும் கலவைக்குள் புதைத்துச் சூளையில் வைத்தால் மெழுகு உருகி எரிந்து போகும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருகிய உலோகம் பாயும். எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்க்கிறார்களே, அதே மெழுகு வார்ப்பு முறைதான். பல் வைத்தியத்தில் இதைப் பரவச் செய்தவர் வில்லியம் டேகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், ஆண்டு 1907. நடராசர் சிலைக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் ஒரே தொழில்நுட்பம் என்று சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். அளவில்தான் வேறுபாடு. எங்களுக்கு ஒரு தலைமுடி அகலம்கூடப் பெரிய தூரம்.

வார்த்த உலோகத்தின் மேல் பீங்கான் தூளைத் தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, 900 டிகிரி செல்சியசுக்கு ஒட்டிய வெப்பத்தில் சுடுவோம். இப்போது அதிகம் கேட்கப்படுவது சிர்கோனியா பல். அதைக் கணினியில் எக்ஸோகேட், திரீஷேப் போன்ற மென்பொருளில் வடிவமைக்கிறோம். சுண்ணக்கட்டி போலிருக்கும் வட்டத் தட்டிலிருந்து எந்திரம் அதைக் கடைந்து எடுக்கும். வேடிக்கை என்னவென்றால், எடுக்கும்போது பல் அளவில் பெரிதாக இருக்கும். சுமார் 1,500 டிகிரியில் சுட்டதும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி, வாய்க்குப் பொருந்தும் அளவுக்கு வந்து நிற்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிடுவது மென்பொருளின் வேலை. விகிதம், சதவீதம் எல்லாம் எதற்கு என்று கேட்கும் படிவம் மூன்று மாணவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு கதை. இன்று முழுப்பல் செட்டின் இளஞ்சிவப்பு ஈறு அக்ரிலிக்கில் செய்யப்படுகிறது. 1930களின் இறுதியில் அக்ரிலிக் வருவதற்கு முன்பு அந்த ஈறு எதில் செய்யப்பட்டது தெரியுமா? ரப்பரில்! கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், வல்கனைட் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இதற்கான காப்புரிமையை வைத்திருந்த நிறுவனம், ரப்பரில் பல் செட் செய்யும் ஒவ்வொரு மருத்துவரும் தனக்கு உரிமத் தொகை கட்டவேண்டும் என்று விடாமல் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவர் சுட்டே கொன்றுவிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு மலாயாத் தோட்ட ரப்பர் பெருமளவில் போனது. நம் தாத்தா பாட்டி வெட்டிய பாலில் கொஞ்சமாவது எந்த ஊர்க்காரர் வாயிலோ ஈறாக உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கணக்குக்கு வருவோம்

எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒரு சிர்கோனியா பல்லுக்குக் கிளினிக் நமக்கு 250 வெள்ளி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளும் கடைசலும் 90. செய்கிறவரின் நேரத்துக்கு 60. வாடகை, மின்சாரம், கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு ஆகியவற்றின் பங்கு 40. ஆக மொத்தம் 190. மிச்சம் 60 வெள்ளி.

மாதம் 100 பல் செய்தால் 6,000 வெள்ளி லாபம் என்று உடனே பெருக்கிவிடுவீர்கள். பொறுங்கள். அந்தப் பல் கிளினிக்குக்குப் போகிறது. நோயாளியின் வாயில் உட்காரவில்லை. திரும்பி வருகிறது. மறுபடியும் செய்யவேண்டும். இரண்டாவது முறைக்கு யாரும் காசு தரமாட்டார்கள். பொருள், நேரம், பெட்ரோல் எல்லாம் மறுபடியும். ஏறக்குறைய இன்னொரு 190 வெள்ளி போய்விட்டது. ஒரு பல்லில் கிடைப்பது 60, ஒரு மறுவேலையில் போவது 190. அப்படியானால் ஒரு மறுவேலை, ஒழுங்காகச் செய்த மூன்று பல்லின் லாபத்தை விழுங்கிவிட்டு இன்னும் பசிக்கிறது என்று நிற்கும். நூற்றில் பத்து திரும்பி வந்தால் 6,000 வெள்ளி 4,100 ஆகிவிடும். மாத இறுதியில் எல்லாரும் இரவு வரை உழைத்திருப்பார்கள், பணம் மட்டும் இருக்காது.

இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்புவது இது: லாபம் என்பது எத்தனை பல் செய்தோம் என்பதில் இல்லை, எத்தனை பல் திரும்பி வரவில்லை என்பதில் இருக்கிறது. விளம்பரம் செய்து இன்னும் நாலு கிளினிக்கைப் பிடிப்பதற்கு முன்னால், வருகிற வேலையில் திரும்புவதைக் குறையுங்கள். அதற்கு முதலீடே தேவையில்லை.

பல் ஏன் திரும்பி வருகிறது? பல நேரங்களில் வினை அச்சிலேயே ஆரம்பித்துவிடும். டாக்டர் செதுக்கிய பல்லின் விளிம்புக்கோடு அச்சில் தெளிவாக விழுந்திருக்காது. எச்சில் குமிழி, இரத்தம், ஈறு மடிப்பு ஏதாவது ஒன்று மறைத்திருக்கும். அந்தக் கோடு தெரியாமல் செய்கிற பல், கதவுச் சட்டத்தை அளக்காமல் செய்த கதவு மாதிரி. இங்கேதான் நம் பிள்ளைகளுக்குத் தயக்கம் வருகிறது. "டாக்டராச்சே, எப்படிச் சொல்றது?" என்று ஊகத்தில் ஒரு கோட்டைப் போட்டுச் செய்துவிடுவார்கள். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன் முதல் மாதம் போனை எடுக்கவே பயந்தான். அவனுக்கு நானே வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: "டாக்டர், வலது கீழ் ஆறாவது பல்லுக்குக் கன்னப் பக்கம் விளிம்பு தெளிவா இல்லை. படம் அனுப்பியிருக்கேன். பார்த்துட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கிறேன்." குறை சொல்வதாக ஒரு சொல் அதில் இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் நன்றி சொல்லி மறு அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர்களுக்கும் நோயாளியை இரண்டு முறை கூப்பிட்டு ஊசி போடுவது பிடிக்காத வேலைதானே. கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தின் விலை ஐந்து நிமிடம். மறுவேலையின் விலைதான் உங்களுக்கே தெரியுமே.

அடுத்த காரணம் நிறம். வீட்டா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் நிறக்கட்டையில் 16 நிறங்கள் இருக்கின்றன. ஏ-1 முதல் டி-4 வரை பெயர். உலகில் எந்த ஊர் டாக்டரும் ஏ-3 என்று எழுதினால் எந்த ஊர்ப் பட்டறைக்கும் புரியும். ஆனால் தாளில் எழுதிய எண்ணுக்கும் ஆளுக்கும் சில சமயம் ஒட்டாது.

கூலிம் பக்கத்தில் ஒரு பாட்டிக்கு மேல்வரிசை முன்பல் நான்கு வைத்த தட்டு இரண்டு முறை திரும்பி வந்தது. தாளில் ஏ-2 என்றுதான் இருந்தது, அதே நிறத்தில்தான் பல் போயிருந்தது. மூன்றாவது முறை டாக்டரிடம் அனுமதி கேட்டு, பாட்டி வரும் நேரத்துக்கு நானும் கிளினிக்குக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். வெற்றிலை போடுகிற வாய். கண்ணாடியைக் கையில் கொடுத்து, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டேன். "பிள்ளே, மங்கு மாதிரி பளபளன்னு இருக்கு. எழுபது வயசுக்காரிக்கு இப்படி இருந்தா யாரு நம்புவா?" என்றார். பால் மங்கு! பீங்கான் வேலை செய்கிற எனக்கு இதைவிடச் சரியாக யார் சொல்லமுடியும்? நிறக்கட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். ஏ-4. பல்லின் கழுத்துப் பக்கம் இலேசாகப் பழுப்பு ஏற்றி, ஓரங்களைக் கொஞ்சம் தேய்ந்ததுபோல் ஆக்கி அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. அதிலிருந்து முன்பல் வேலை என்றால் நோயாளி சிரிக்கும் படம் ஒன்றும் வயதும் தாளோடு வரவேண்டும் என்று எல்லாக் கிளினிக்குகளையும் கேட்டுக்கொண்டேன். எங்களுக்கு வந்த நிற மறுவேலை அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

லாபம் ஏட்டில், பணம் வெளியில்

பட்டறைகள் மூடப்படுவதற்கு இன்னொரு காரணம் கடன். கிளினிக்குகள் மாதக் கணக்கில் பணம் தருபவை. மாதம் 20,000 வெள்ளிக்கு வேலை செய்கிறீர்கள், பணம் அறுபது நாள் கழித்து வருகிறது என்றால், உங்களுடைய 40,000 வெள்ளி எப்போதும் அடுத்தவர் மேசையில் கிடக்கிறது. ஆனால் பொருள் விற்பவர் காத்திருக்கமாட்டார். ஊழியர் சம்பளம், இ.பி.எஃப்., சொக்சோ எதுவும் காத்திருக்காது. எனக்கும் ஒரு கிளினிக் ஐந்து மாதம் இழுத்தது. பெயர் வேண்டாம். ஆறாவது மாதம் அவர்கள் அனுப்பிய பையைத் திறக்காமலே, பழைய பாக்கி வந்ததும் தொடங்குகிறோம் என்று மரியாதையாக எழுதித் திருப்பி அனுப்பினேன். பாக்கி வந்துவிட்டது, அவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. விலையைக் குறைத்துக் கேட்கிற வாடிக்கையாளரைவிட, நேரத்தில் பணம் தராத வாடிக்கையாளரே அதிக செலவு வைப்பவர்.

எந்திர ஆசையும் அப்படித்தான். கடையும் எந்திரத்துக்கு மாதத் தவணை 3,000 வெள்ளி என்று வையுங்கள். அதே வேலையைப் பெரிய நிலையத்துக்குக் கோப்பாக அனுப்பினால் ஒரு பல்லுக்கு 60 வெள்ளி கேட்கிறார்கள். பொருள் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மாதம் 50 சிர்கோனியா பல்லுக்கு மேல் வேலை இருந்தால்தான் சொந்த எந்திரம் கட்டுப்படியாகும். முப்பது பல் வரும் பட்டறை எந்திரம் வாங்கினால், அது வங்கிக்காக உழைக்கும். முதலில் மென்பொருளையும் கண்ணையும் பழக்குங்கள், எந்திரம் பிறகு வரட்டும்.

சுங்கை பட்டாணியில் உட்கார்ந்துகொண்டு இதில் எவ்வளவு வளரமுடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கேரளாவில் இருக்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்து மூவாற்றுப்புழை பெரிய நகரமல்ல. அங்கே ஜான் குரியாகோஸ் 1988இல் சிறிய அளவில் தொடங்கிய டென்ட்கேர் பட்டறையில் இன்று ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். இந்தியா முழுவதுமிருந்து அச்சுகள் அங்கே போகின்றன, வெளிநாட்டுக்கும் பல் ஏற்றுமதியாகிறது. பல் சிறியது, எடையில்லாதது. அஞ்சலில் எங்கும் போகும். இதே காரணத்தால் ஆபத்தும் உண்டு. ஹாங்காங் பங்குச் சந்தையில் 2015இல் பட்டியலிடப்பட்ட மாடர்ன் டென்டல் குழுமம் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு நம் ஊர்க் கிளினிக்கும் வாயை ஸ்கேன் செய்து கோப்பை அனுப்பிவிடலாம். அவர்களோடு விலையில் மோதினால் நாம் தோற்போம். ஆனால் மங்கு மாதிரி இருக்கிறது என்று ஒரு பாட்டி சொல்லும்போது, அரை மணி நேரத்தில் அங்கே போய் நிற்க அவர்களால் முடியாது.

செய்யக்கூடாத ஒன்று

பல் செய்யத் தெரிந்தவரிடம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "டாக்டருக்கு எதுக்குக் காசு? நீயே அச்செடுத்துக் கட்டிக் கொடுத்துடேன்." கூடவே கூடாது. கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் தனிப் பயிற்சியும் பதிவும் பெற்றவர்கள் நேரடியாகப் பல் செட் பொருத்தலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை. நோயாளியின் வாயில் கை வைப்பது டாக்டரின் வேலை. தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள் மற்றும் சேவைகள் சட்டம் 1998இன்படி, அனுமதியின்றிக் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 வெள்ளி வரை அபராதமோ 6 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2017இல் மலாக்காவில் அனுமதியின்றிப் பல் சிகிச்சை செய்த ஓர் இளம்பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது நாளிதழ்களில் பெரிதாக வந்தது. சட்டத்தை விடுங்கள். வாயில் புற்றுநோய்ப் புண் இருந்து, அதைப் பார்க்கத் தெரியாமல் அதன் மேலேயே பல் தட்டை மாட்டி அனுப்பினால் என்ன ஆகும்? வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உள்ள நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல.

படிப்பு விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பினாங்கில் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பல் தொழில்நுட்ப டிப்ளோமாவுக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் வழி விண்ணப்பிக்கவேண்டும். எஸ்.பி.எம்.மில் தேசிய மொழி, கணிதம், அறிவியல் பாடங்களில் கவனம் வையுங்கள். எத்தனை கிரெடிட் என்பதை அந்தந்த ஆண்டு விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரி என்றால் எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் கட்டணம் கட்டாதீர்கள். படித்ததும் கடை திறக்கவேண்டாம். குறைந்தது ஐந்து ஆண்டாவது ஒரு நல்ல பட்டறையில் வேலை பாருங்கள். டாக்டர்களும் உங்களை அறிந்துகொள்ளட்டும். அருகில் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் இன்று பல் மருத்துவம் படிக்கிறவர்களில் சிலர், நீங்கள் பட்டறை திறக்கும் நாளில் கிளினிக் வைத்திருப்பார்கள். எஸ்.எஸ்.எம். பதிவுக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரிலேயே நடத்தினால் 30. தொழில் கடனுக்கு தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டத்தை விசாரித்துப் பாருங்கள்.

கை வருமா என்று தெரிந்துகொள்ள ஆசையா? என்னிடம் வேலை கேட்டு வருகிறவர்களுக்கு நான் வைக்கும் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு சிறிய கத்தி. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லின் படத்தைத் தேடி எடுத்து, மேலிருந்தும் கன்னப் பக்கமிருந்தும் பாருங்கள். பிறகு ஒரு மணி நேரத்தில் செதுக்குங்கள். நாலு முகடு எல்லாரும் செதுக்கிவிடுவார்கள். அந்தப் பல்லுக்கு ஐந்து முகடு. ஐந்தாவது சிறியது, பின்பக்க ஓரத்தில், கன்னப் பக்கம் ஒட்டி இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.